பெண் பிள்ளையைக் காணோமா? மனு எழுதுகிறவள் சொல்லும் வழி

மகளைக் காணவில்லை என்று தெரிந்த அன்றே காவல் நிலையத்துக்குப் போங்கள். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்பது ஊரில் எப்படியோ பரவிவிட்ட பேச்சு. அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் கிடையாது. "சொந்தக்காரங்க வீட்ல தேடிப் பாத்துட்டு நாளைக்கு வாங்கம்மா" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். வீட்டு ஆண்கள் ஒருபக்கம் தேடட்டும், நீங்கள் இன்னொரு பக்கம் எழுதிக் கொடுங்கள்.

நான் மதுரையில் கலெக்டர் ஆபீஸ் வாசலில், மரத்தடியில் மனு எழுதுகிறவள். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ் இவைதான் தினப்படி வேலை. நடுநடுவே 'காணவில்லை' மனுவும் வரும். முதல் புகாரை ஆத்திரத்தில் ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டு, அது நகராமல் போன பிறகுதான் என்னிடம் வருவார்கள். முதல் புகாரே சரியாக இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வயது

வந்து உட்கார்ந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டதா என்பது. பேச்சுவாக்கில் சொல்லும் வயது போதாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையோ மாற்றுச் சான்றிதழையோ எடுத்துவரச் சொல்வேன்.

18 முடியவில்லை என்றால் சட்டத்தின் கண்ணில் அவள் குழந்தை. காணாமல் போன குழந்தை பற்றிப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும், கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு வழக்கை மாற்றவேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நிலையத்துக்குப் போகும் வழியிலேயே குழந்தைகள் உதவி எண் 1098க்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள். "அந்தப் பையன் கூடத்தான் போயிருக்கு, தானா வந்துடும்" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. அவள் விரும்பிப் போனாள் என்றாலும் சட்டப்படி அது விருப்பம் ஆகாது.

18 முடிந்திருந்தால் கதை வேறு. அவள் எங்கே போகலாம், யாரோடு இருக்கலாம் என்பது அவள் முடிவு. பெற்றோருக்கு இது கசக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் உயிரோடு, பத்திரமாக, தன் இஷ்டப்படி இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. புகாரை அந்த உரிமையின் பேரில் எழுதவேண்டும். 'என் மகளை மீட்டு என்னிடம் ஒப்படைக்க வேண்டும்' என்று எழுதிய மனுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேஜர் ஆன பெண்ணைப் போலீஸ் உங்களிடம் ஒப்படைக்க முடியாது. நடக்காததைக் கேட்டால் அதையே சாக்காக வைத்து மனுவை ஓரம் கட்டிவிடுவார்கள். 'கண்டுபிடித்து, பாதுகாப்பாக இருக்கிறாரா என்பதை உறுதிசெய்ய வேண்டும்' என்று கேளுங்கள்.

புகாரில் என்ன எழுதுவது

ஒரு பக்கம் போதும். குடும்பப் பெருமை, வளர்த்த கதை, நீங்கள் பட்ட கடன் எதுவும் வேண்டாம். நான் இப்படி எழுதுவேன்:

"ஐயா, மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன். என் மகள், வயது 21, தனியார் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்து வருகிறார். கடந்த செவ்வாய்க்கிழமை காலை 8.15 மணிக்குக் கல்லூரி செல்வதாகச் சொல்லி வீட்டிலிருந்து புறப்பட்டார். 8.40 மணிக்கு ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்ததாக எங்கள் தெருவில் வசிக்கும் பூக்கடைக்காரர் கூறுகிறார். கல்லூரிக்கு அவர் வரவில்லை என்று மாலை 4 மணிக்குத் தெரியவந்தது. அவரது கைப்பேசி அன்று காலை 11 மணி முதல் அணைக்கப்பட்டுள்ளது. உயரம் சுமார் 5 அடி 2 அங்குலம், மாநிறம், ஒல்லியான உடல்வாகு. இடது புருவத்தின் மேல் தழும்பும் வலது முன்கையில் மச்சமும் உள்ளன. புறப்பட்டபோது மஞ்சள் நிறச் சுடிதாரும் கறுப்பு நிறத் துப்பட்டாவும் அணிந்திருந்தார். சாம்பல் நிறப் பை வைத்திருந்தார். அவரைக் கண்டுபிடித்து, பாதுகாப்பாக உள்ளாரா என்பதை உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் கவனிக்க வேண்டியது, யார் எதைப் பார்த்தார் என்பது தனித்தனியாக இருக்கிறது. நீங்கள் கண்ணால் கண்டது, அடுத்தவர் சொன்னது, நீங்களாக நினைப்பது, இந்த மூன்றும் கலக்கக்கூடாது. 8.15க்கும் 8.40க்கும் நடுவே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாததை நிரப்பாதீர்கள். அந்த இடைவெளியில்தான் விசாரிக்கிறவர் வேலையைத் தொடங்குவார்.

மச்சமும் தழும்பும் மறந்துபோகும். அம்மாவுக்கே பதற்றத்தில் வலதா இடதா என்று குழம்பும். மாற்றுச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்று இரண்டு எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்து எழுதுங்கள். மருந்து ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் சேருங்கள். வலிப்பு, சர்க்கரை, மனநல மாத்திரை எதுவானாலும் சரி. "மாத்திரை விஷயம் வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்" என்று மறைக்கிற குடும்பங்கள் உண்டு. மாத்திரை இல்லாமல் இரண்டு நாள் தாண்டாத பிள்ளை என்றால் அந்த ஒரு வரிதான் அவசரத்தைக் காட்டும்.

இனி, எழுதக்கூடாதவை. யாரோ சொல்லிக்கொடுத்து, போலீஸை வேகப்படுத்துவதாக நினைத்து, '20 பவுன் நகையும் இரண்டு லட்சம் ரொக்கமும் எடுத்துச் சென்றுவிட்டார்' என்று எழுதச் சொல்வார்கள். நான் எழுத மாட்டேன். உண்மையாக நகை போயிருந்தால் எழுதலாம். பொய்யாக எழுதினால், அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுத்த குற்றம் உங்கள்மேலேயே திரும்பும். இப்போதுள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 217ஆம் பிரிவு. அதைவிட முக்கியம், நாளைக்குப் பிள்ளை கிடைத்தால் திருட்டுக் கேஸோடு கிடைப்பாள். அப்படி ஒரு கேஸ் காத்திருக்கிறது என்று தெரிந்தால் வீட்டுக்கு ஒரு போன் பண்ணக்கூடப் பயப்படுவாள்.

பையன் பெயரும் அப்படித்தான். உறுதியான காரணம் இருந்தால் 'இன்னாரோடு பேசிவந்ததாகத் தோழி கூறுகிறார். அவரை விசாரித்தால் விவரம் தெரியலாம்' என்று எழுதலாம். 'இன்னான் கடத்திவிட்டான்' என்று அடித்து எழுதுவது வேறு. என்ன சாதி என்று மனுவில் எழுதச் சொல்கிறவர்களை எதற்கு என்று கேட்டிருக்கிறேன். பதில் வராது.

சி.எஸ்.ஆர். போதாது

மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது புகார் வந்தது என்பதற்கான சீட்டு மட்டும்தான். எஃப்.ஐ.ஆர். ஆகவேண்டும். நம் மாநிலத்தில் 'பெண் காணவில்லை' என்ற தலைப்பிலேயே எஃப்.ஐ.ஆர். போடும் வழக்கம் இருக்கிறது. என்ன குற்றம் என்று தெரியவில்லையே என்று தயங்கத் தேவையில்லை. பின்னால் கடத்தல் என்றோ வேறு என்னவென்றோ தெரியவந்தால் சட்டப்பிரிவை மாற்றிக்கொள்வார்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம்.

"இது எங்க எல்லை இல்லம்மா, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க" என்பது அடுத்த சிக்கல். வீடு ஒரு நிலையம், காலேஜ் ஒரு நிலையம், கடைசியாகப் பார்த்த பஸ் ஸ்டாண்டு இன்னொரு நிலையம் என்று பந்தாடுவார்கள். மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால் சட்டம் ஒழுங்குக்குப் போ என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பேச்சில் சொல்வது இதைத்தான். அவர்கள் பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்பவேண்டும். மனுவின் அடியில் இந்தப் பிரிவு எண்ணை ஒரு வரியில் எழுதிவிடுவேன். சண்டை போடுவதைவிட இது வேலை செய்கிறது.

போன், கேமரா

வீட்டில் உள்ளவர்கள் முதல் நாளிலேயே ஒரு காரியம் செய்வார்கள். மகளின் எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி, வாட்ஸ்அப்பைத் திறந்து பார்க்க நினைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். புது சிம் உயிர் பெற்றதும் அவள் கையிலுள்ள சிம் செத்துவிடும். ஆபத்தில் இருந்து ஒரு போன் பண்ண நினைத்தால் அவளால் முடியாது. டவரை வைத்துத் தேடுகிறவர்களுக்கும் தடயம் அறுந்துபோகும். போன் தொலைந்ததாகப் பதிந்து முடக்குவதும் அதே மாதிரிதான். அதற்குப் பதில் அந்த எண்ணின் ரீசார்ஜ் முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன் வாங்கிய பெட்டி வீட்டில் இருந்தால் அதில் ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கும், 15 இலக்கம். புகாரில் அதை எழுதுங்கள். சிம் மாற்றினாலும் கருவியைத் தேட அது உதவும்.

சி.டி.ஆர். எனப்படும் அழைப்பு விவரத்துக்காக அலறவேண்டாம். தொலைபேசி நிறுவனங்கள் அதை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும், போலீஸ் கேட்டால் கிடைக்கும். உங்களுக்குத் தரமாட்டார்கள். காசு கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவனிடம் ஏமாறாதீர்கள்.

அவசரம் காட்ட வேண்டியது கேமராவுக்கு. டீக்கடை, நகைக்கடை, பெட்ரோல் பங்க் கேமராக்களில் பதிவு சில வாரம்தான் இருக்கும், சிறிய கடைகளில் அதுவும் இருக்காது. பழையதன்மேல் புதியது ஏறிவிடும். அவள் போன வழியில் நடந்துபோய்ப் பாருங்கள். எந்தக் கடை வாசலில் கேமரா இருக்கிறது, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடைக்காரரிடம் "அண்ணே, போலீஸ் கேட்டு வருவாங்க, அதுவரைக்கும் செவ்வாய்க்கிழமை காலைப் பதிவை மட்டும் அழியாம பாத்துக்கங்க" என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் செய்வார்கள். பதிவை உங்கள் போனில் வாங்கி நாலு பேருக்கு அனுப்பாதீர்கள். கேமராவின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்றும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வித்தியாசத்தில் தப்பான பஸ்ஸைத் தேடிக்கொண்டிருப்போம்.

மதுரைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. தேனி, திண்டுக்கல், கோவை, திருப்பூர் பக்கம் என்றால் ஆரப்பாளையம். சென்னை, திருச்சி, திருநெல்வேலி என்றால் மாட்டுத்தாவணி. எந்த நிலையத்தில் இறங்கினாள் என்று தெரிந்தாலே தேடும் திசை பாதியாகக் குறையும். அரசு பஸ் டிக்கெட்டில் பெயர் இருக்காது, முன்பதிவு செய்த ஆம்னி பஸ்ஸிலும் ரயிலிலும் இருக்கும். ரயிலில் ஏறியிருக்கலாம் என்று தோன்றினால் 139க்குச் சொல்லலாம்.

ஆஸ்பத்திரியையும் விடக்கூடாது. பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் உள்ள போலீஸ் அவுட்போஸ்டில் கேளுங்கள். விபத்தில் மயங்கிக் கிடந்தால் பெயர் தெரியாத நபர் என்று பதிந்திருப்பார்கள், அதனால் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். வயதையும் உடையையும் சொல்லிக் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்திருந்த பெண்ணை பெண்கள் உதவி எண்ணான 181க்காரர்கள் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்கவைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அங்கே இருந்தாலும் அவள் சம்மதம் இல்லாமல் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். அது சரிதான். போலீஸ் மூலம் கேட்டால் பத்திரமாக இருக்கிறாள் என்ற தகவலாவது வரும்.

அம்மாவிடம் தனியாக

மனு எழுத வருகிற கூட்டத்தில் அப்பா, சித்தப்பா, மாமன், ஊர்ப் பெரியவர் என்று ஆறேழு பேர் நிற்பார்கள். அம்மா கடைசியில் நிற்பாள். "வா தாயி, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்" என்று அவளை மட்டும் அழைத்துப் போவேன். டீ ஆறுவதற்குள் பாதி விஷயம் வந்துவிடும். போன மாதம் கல்யாணப் பேச்சு எடுத்தது, பிள்ளை மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தது, அண்ணன் கைநீட்டியது, போனைப் பிடுங்கி வைத்தது. இதில் எதுவும் ஆண்கள் சொன்ன கதையில் இருந்திருக்காது. நிலையத்தில் விசாரிக்கிறவர் பெண் காவலராக இருந்தால் அவரிடம் அம்மா தனியாகப் பேச வழி கேளுங்கள்.

தோழியையும் இப்படித்தான் அணுகவேண்டும். எட்டுப் பேர் போய் அவள் வீட்டு வாசலில் நின்று "உனக்குத் தெரியாம இருக்காது" என்று கத்தினால், தெரிந்ததையும் விழுங்கிவிடுவாள். அவளுக்கும் அப்பா, அம்மா இருக்கிறார்கள், அவளுக்கும் அடி விழும். ஒரே ஒரு பெண், அக்காவோ அத்தையோ போய், "அவ எங்க இருக்கான்னு நீ சொல்ல வேண்டாம்மா, நல்லா இருக்காளான்னு மட்டும் சொல்லு" என்று கேட்கட்டும். இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன்

எல்லாரும் முதலில் செய்வது இதைத்தான், நான் பின்னால் வைத்திருக்கிறேன்.

படத்தைப் போட்டே ஆகவேண்டும் என்றால் எஃப்.ஐ.ஆர். ஆன பிறகு, நிலையத்தில் சொல்லிவிட்டுப் போடுங்கள். முகம் தெளிவாகத் தெரியும் ஒரே படம் போதும். கல்யாண வீட்டில் அலங்காரத்தோடு எடுத்ததும் ஃபில்டர் போட்டதும் வேண்டாம், பஸ்ஸில் அவளைப் பார்க்கிறவருக்கு அடையாளமே தெரியாது. பெயர், வயது, உயரம், உடை, கடைசியாகக் கண்ட இடம், தேதி. தேதியில் வருடத்தையும் போடுங்கள். வருடம் இல்லாத செய்தி, பிள்ளை திரும்பி வந்து கல்யாணமும் ஆன பிறகுகூட சுற்றிக்கொண்டே இருக்கும். தொடர்பு எண்ணாகக் காவல் நிலைய எண்ணையும் அவசர உதவி எண் 112ஐயும் போடுங்கள். அப்பா எண்ணைப் போட்டால் அன்று ராத்திரியே, "உங்க பொண்ணு எங்க கஸ்டடியில இருக்கு, ஜிபே பண்ணுங்க" என்று எவனாவது கூப்பிடுவான். அப்படி அழைப்பு வந்தால் காசு அனுப்பாமல் எண்ணைக் குறித்துக்கொண்டு நிலையத்தில் கொடுங்கள். ஆதார் அட்டைப் படம், வீட்டு முகவரி, 'யாரோடு போனாள்' என்ற ஊகம், அவள் நடத்தை பற்றிய ஒரு சொல், எதுவும் கூடாது.

18க்குக் கீழ் என்றால் நீங்களாக எதுவும் போடாதீர்கள், போலீஸ் முடிவு செய்யட்டும். பாலியல் குற்றம் நடந்திருக்கலாம் என்று தெரிந்த நிமிடமே, வயது என்னவானாலும், படத்தையும் பெயரையும் எடுத்துவிட வேண்டும். அதன்பிறகு அவள் யார் என்று வெளியில் சொல்வதே குற்றம், இரண்டு ஆண்டு வரை தண்டனை உண்டு. 2019இல் பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே பத்திரிகையாளர் முன்னால் சொல்லி, அரசாணையிலும் வந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதிகாரிக்கே அந்த நிலை என்றால் குரூப் அட்மினுக்கு என்ன நிலை என்று யோசியுங்கள்.

இனி, செய்தியைப் பார்க்கிறவர்களுக்கு. தெரு குரூப், காலேஜ் குரூப், சாதிச் சங்க குரூப் எல்லாவற்றிலும் 'அதிகம் பகிரவும்' என்று ஒரு இளம் பெண்ணின் படம் வருகிறது. தட்டிவிடுவதற்கு முன் எந்த நிலையம், என்ன எஃப்.ஐ.ஆர். எண் என்று பாருங்கள். அது இல்லை, யாரோ ஒரு ஆணின் கைப்பேசி எண் மட்டும்தான் இருக்கிறது என்றால் நிறுத்துங்கள். அந்த எண்ணை வைத்திருப்பவன் அவளை எதற்குத் தேடுகிறான் என்று உங்களுக்குத் தெரியாது.

நான் சும்மா பயமுறுத்தவில்லை. 2024 ஜனவரி முதல் வாரம் நடந்தது. தஞ்சாவூர் மாவட்டத்துப் பெண், வயது 19, திருப்பூர் பக்கம் வேலை செய்த இடத்தில் பட்டியலினத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். குடும்பம் தேடிவந்து பல்லடம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது. பெண்ணைக் கண்டுபிடித்து அப்பாவோடு அனுப்பிவைத்தார்கள். சொந்த ஊருக்குக் கொண்டுபோய்க் கொன்று எரித்துவிட்டார்கள். பெற்றோர் கைதானார்கள், ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவளும் 'காணாமல் போன பெண்'தான். அவளைத் தேடியதும் பெற்ற அப்பாதான்.

அதனால் படத்தில் பார்த்த பெண்ணைப் பஸ் ஸ்டாண்டில் கண்டால் அப்பாவுக்குப் போன் பண்ணாதீர்கள். படம் எடுக்காதீர்கள், பின்னால் போகாதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று 112க்கோ 181க்கோ சொல்லுங்கள். நீங்கள் பெண்ணாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "உதவி ஏதும் வேணுமாம்மா?" என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்தவரைச் சந்தேகப்பட்டுப் பரப்புவதும் இருக்கிறது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம் அது, 2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கும்பிடச் சென்னையில் இருந்து காரில் வந்த குடும்பம். வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் 65 வயது அம்மா ஒருவர். ஊரே கூடி அடித்து அவரைக் கொன்றுவிட்டது. 'கடத்தல் கும்பல்' என்ற சொல்லைக் காணவில்லை செய்தியோடு சேர்த்து எவனாவது அனுப்பினால், குரூப் அட்மின் அதை உடனே நீக்கவேண்டும். விவாதம் நடத்த நேரமில்லை.

நகரவில்லை என்றால்

நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றால் புகாரை எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள், மாநகரம் என்றால் கமிஷனருக்கு. புதன்கிழமைகளில் நேரிலும் மனு வாங்குகிறார்கள். தபாலில் அனுப்புவதென்றால் ஒப்புகையோடு விரைவுத் தபால். பதிவுத் தபாலைத்தான் 2025இல் அதோடு சேர்த்துவிட்டார்களே! பழக்கதோஷத்தில் இன்னும் 'ரிஜிஸ்டர் தபால்' என்று கேட்டு நிற்கிறவர்கள் தினமும் உண்டு. அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 175(3) பிரிவில் போகவேண்டி வந்தால், எஸ்.பி.க்கு அனுப்பியதற்குச் சான்றும் உறுதிமொழிப் பத்திரமும் இருந்தால்தான் எடுப்பார்கள்.

ஆட்கொணர்வு மனு பற்றி எல்லாரும் கேட்பார்கள், 'ஹேபியஸ் போட்ரலாமாக்கா' என்று. யாரோ சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார் என்பதற்கு அடிப்படை இருந்தால்தான் அது நிற்கும். வெறுமனே காணவில்லை என்பது போதாது. போட்டு, பெண்ணும் வந்து நின்று, "எனக்கு 18 முடிஞ்சிருச்சு, என் விருப்பத்துலதான் போனேன்" என்று சொன்னால் நீதிபதிகள் அவளை அவள் சொல்லும் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கோர்ட் வாசலில் அம்மா காலில் விழுவதும் அப்பா மண்ணை வாரித் தூற்றுவதும் அதை மாற்றாது. போட முடிவு செய்தால் மனுதாரராக அம்மா இருக்கட்டும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். வட்டிக்கு வாங்கி வக்கீல் ஃபீஸ் கட்டிய பிறகு இதைக் கேள்விப்பட்டு வயிறு எரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாதக்கணக்கில் தகவலே இல்லை என்றால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் காணாமல் போனோர் பட்டியலும் அடையாளம் தெரியாத உடல்களின் பட்டியலும் இருக்கின்றன. இரண்டாவதைப் பார்க்கும் வேலையை அம்மா, அப்பாவிடம் கொடுக்காதீர்கள். தைரியமான ஒருவர், வெளி உறவாக இருந்தால் நல்லது, வாரம் ஒருமுறை பார்க்கட்டும்.

கிடைத்த பிறகு

போலீஸ் கூப்பிட்டு, "வந்துட்டாம்மா, ஸ்டேஷனுக்கு வாங்க" என்றால் இரண்டு பேர் மட்டும் போங்கள். வேன் பிடித்துக்கொண்டு உறவோடு போகாதீர்கள். அவளிடம் வாக்குமூலம் வாங்குவார்கள், மாஜிஸ்திரேட் முன்னாலும் கொண்டுபோவார்கள். மேஜர் பெண் உங்களோடு வர விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. வீட்டுக்குப் போகப் பயம் என்று அவள் சொன்னால் அதையும் போலீஸ் எழுதவேண்டும், தங்க இடம் ஏற்பாடு செய்யவேண்டும். காதல் திருமணம் செய்தவர்களைப் பாதுகாக்க மாவட்டம்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டிருக்கிறது, அவள் அதையும் கேட்கலாம். இதைப் படிக்கிறது அந்தப் பெண்ணாகவே இருந்தால் உனக்கு ஒரு யோசனை, மகளே. வீட்டில் சொல்ல வேண்டாம், ஆனால் அருகில் உள்ள நிலையத்திலோ 181க்கோ நீயே கூப்பிட்டு, 'நான் என் விருப்பத்தில்தான் இருக்கிறேன், என் முகவரியை வீட்டுக்குத் தரவேண்டாம்' என்று சொல்லிப் பதிவு செய்துகொள்.

பெற்றவர்களுக்கு மிச்சம் இருப்பது எழுத்து வேலைதான். வழக்கு முடிந்ததற்கான நகல் கேட்டு வாங்குங்கள். இணையதளப் பட்டியலில் இருந்து அவள் படத்தை நீக்கச் சொல்லி நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். எந்தெந்த குரூப்பில் படம் போட்டீர்களோ அத்தனையிலும், 'கிடைத்துவிட்டார், படத்தை அழித்துவிடவும்' என்று இரண்டே வரி போடுங்கள். எங்கே இருந்தாள், யாரோடு இருந்தாள் என்று குரூப்பில் கேட்பார்கள். பதில் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தால் ஒரு வாளித் தண்ணீரோடு பையன்களை அனுப்பிக் கிழித்துவிடச் சொல்லுங்கள். மாட்டுத்தாவணிக் கழிப்பறைச் சுவர் பக்கம் ஒட்டியதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.